பாதியில் நின்ற கேன்வாஸ்

இங்கிலாந்தில் முதியவர் ஒருவர் இறந்து, பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது, சாரிட்டி கடைக்குப் போகும் மூட்டைகளில் கைவேலைப் பை ஒன்றாவது இருக்கும். சிலவற்றில் பல நிறக் கம்பளி நூல் உருண்டைகள். சிலவற்றில் பாதி தைத்து, ஊசி குத்தியபடியே சுருட்டி வைத்த நீடில்பாயின்ட் கேன்வாஸ், அதாவது துளைத்துணியில் நூலால் தைத்துப் படத்தை நிரப்பும் வேலை. ரோஜாக் கொத்து முடிந்திருக்கும், பின்னணி வெறும் சல்லடையாகக் கிடக்கும். பழைய சேலையைக் கிழித்துத் தலையணை உறையாக்கும் வீடுகளிலிருந்து வந்த நமக்கு, முடிக்காத ஒன்றை இத்தனை காலம் பத்திரப்படுத்துவது எளிதில் விளங்காது. இந்நாட்டவருக்கோ அது மனதை அரிக்கும் விஷயம். புத்தாண்டு பிறந்தால் பலர் சபதம் எடுக்கிறார்கள்: இனிப் புது நூல் வாங்குவதில்லை, கிடப்பதையெல்லாம் முடிப்பது. மிச்ச நூலையும் முடியாத கேன்வாஸையும் ஒரே கடன் கணக்கில் எழுதுவதுதான் அந்தச் சபதத்தின் கோளாறு. நூலுக்கு நாம் எந்தக் கடனும் படவில்லை. கேன்வாஸுக்கு ஒரு முடிவு வேண்டும்; ஆனால் தொடங்கியவர் கையாலேயே அது முடிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பின்னிய நூல் எந்த வடிவத்திலிருந்தும் நூலாகவே திரும்பி வந்துவிடும். 1941 ஜூனில் பிரிட்டனில் உடைப் பங்கீடு வந்தபோது பின்னல் நூலுக்கும் கூப்பன் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, அலசி, சுருள் நீக்கி, மறுபடி பின்னுவது அன்றைய குடும்பங்களின் வழக்கமாயிற்று. ஆகவே பெட்டியில் கிடக்கும் நூல் வீணான நூல் அல்ல. அதற்கு இருக்கும் தொல்லைகள் இரண்டு. ஒன்று அந்துப்பூச்சி, அதன் புழுவுக்குக் கம்பளியின் கெரட்டின்தான் சாப்பாடு. மற்றது சாயம். நிற எண் ஒன்றானாலும் வேறொரு தடவை சாயமேற்றிய நூல் பக்கத்தில் வந்தால் காட்டிக்கொடுத்துவிடும். மிச்ச நூலில் ஒரே நிற ஸ்வெட்டர் பின்ன முயல்கிறவர்கள் சலித்துப்போவது இதனால்தான். இதற்கு நல்ல பதில் சொன்னவர் பின்னல் வடிவமைப்பாளர் கேஃப் ஃபாசெட். சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்து 1964இல் இங்கே வந்து தங்கியவர், அவ்வகையில் அவரும் நம்மைப் போல வந்து குடியேறியவர்தான். 1985இல் வந்த அவருடைய 'குளோரியஸ் நிட்டிங்' புத்தகத்தின் அழகே நிறங்களைக் கொட்டிக் குவிப்பதில் இருக்கிறது. ஒரு நீலம் தீர்ந்தால் அடுத்த நீலம், அதுவும் தீர்ந்தால் கொஞ்சம் பச்சை கலந்த நீலம். சாய வேறுபாடு அங்கே குறையாகத் தெரிவதில்லை, வடிவமைப்பின் பகுதியாகிவிடுகிறது.

கேன்வாஸ் அப்படி வளைந்து கொடுக்காது. நீடில்பாயின்ட்டுக்கு நூலை அரை மீட்டருக்குள் துண்டு துண்டாக வெட்டுகிறோம். ஒவ்வொரு துளையிலும் உரசி அது மெலிகிறது. பிரித்தெடுத்தால் கையில் வருவது பிசிறுதான். படம் அச்சிட்ட துணியும் வேறு எதற்கும் உதவாது. வேலையோ நீண்டது: அங்குலத்துக்கு 10 துளை உள்ள கேன்வாஸில் 16 அங்குலச் சதுரக் குஷனுக்கு 25,600 தையல்கள். கண்ணுக்கு விருந்தான பூவை முதலில் தைத்துவிட்டு, ஒரே நிறப் பின்னணிக்கு வந்ததும் கை தளர்வது இயல்பு. இப்படிப்பட்டதை இன்னொருவரிடம் கொடுக்கலாமா என்றால், அடுத்தவர் கை தனியாகத் தெரியுமே என்பார்கள். பின்னல் வேலையில் அது உண்மை. ஒருவர் இறுக்கிப் பின்னுவார், இன்னொருவர் தளர்த்துவார், கை மாறிய இடம் கோடாகத் தெரியும். நீடில்பாயின்ட்டில் தையலின் அளவைத் தீர்மானிப்பது துளைதான், கை அல்ல. வின்செஸ்டர் பேராலயத்தில் 1930களில் லூயிசா பெசல் என்ற கைவேலை நிபுணர் தன்னார்வலர்களைக் கூட்டி, முழந்தாளிடும் திண்டுகளையும் இருக்கை மெத்தைகளையும் தைக்கவைத்தார். பலர் கைபட்ட வேலை. ஆனாலும் ஒரு தொகுதியாகவே கண்ணில் படுகிறது.

இன்னொரு மறுப்பு மனம் சார்ந்தது. அம்மா விட்டுப்போனதில் அந்நியர் ஊசி ஏற்றலாமா? அமெரிக்காவில் 2022இல் தொடங்கிய லூஸ் எண்ட்ஸ் என்ற அமைப்பு, இறந்தவர்கள் பாதியில் விட்ட கைவேலைகளை முடித்துக் கொடுக்கத் தன்னார்வலர்களைச் சேர்த்துவிடுகிறது. குடும்பங்கள் மனமுவந்து கொடுக்கின்றன என்பதே போதுமான பதில். மூன்றாவது மறுப்புதான் கனமானது: பொழுதுபோக்குக்கு ஏன் இந்தக் கட்டுப்பாடு? முடிப்பதைக் கடமையாக்கியது கூலி வேலை. நாகர்கோவிலில் 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் கற்பித்தார். விற்பனைக்கான லேஸ் முடிந்தால்தான் காசு. யாரும் காத்திராத குஷனுக்கு அந்த விதி பொருந்தாது. ஒப்புக்கொள்கிறேன். அழகற்ற படத்தையும், அந்து தின்ற கேன்வாஸையும், பரிதாபத்துக்காகத் தைக்க வேண்டியதில்லை, குப்பையில் போடலாம். ஆனால் நல்ல கேன்வாஸைப் பரண்மேல் வைத்திருப்பது அந்தச் சுதந்திரத்தைக்கூடப் பயன்படுத்தாமல் தள்ளிப்போடுவது.

எடுத்து முடிக்க நினைப்பவர் முதலில் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முன்னால் ஒன்றுபோலத் தோன்றும் சாய்தையலைப் பின்னால் நூல் அதிகம் ஓடும்படியும் தைக்கலாம், குறைவாக ஓடும்படியும் தைக்கலாம். முறை மாறினால் துணியின் தடிமன் மாறும். பின்னணி நூல் போதாவிட்டால் எண்ணைச் சொல்லி வாங்கலாம்; ஆப்பிள்டன்ஸ் போன்ற கம்பளி நூல் நிறுவனங்கள் நிறங்களுக்கு எண் வைத்திருக்கின்றன, ஆப்பிள்டன்ஸில் மட்டும் 400க்கு மேல். சாய வேறுபாட்டை மறைக்க, ஊசியில் பழைய இழையும் புது இழையும் சேர்த்துக் கோத்துக் கொஞ்ச தூரம் தைப்பார்கள். கொடுக்கிறவர் செய்ய வேண்டியது குறைவு: நிற எண்களையும், எந்த முறையில் தைத்தோம் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிப் பைக்குள் போட்டுவிட வேண்டும்.