கம்பம் பள்ளத்தாக்கு: ஒரு சிட்டிகை மருந்தும் ராக்காவலும்

தேனியில் குமுளி பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்தால் போதும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்கள் நகரும். இடப்பக்கம் மேகமலை, வலப்பக்கம் கேரளத்து ஏலமலை. நடுவே முல்லைப் பெரியாறு தண்ணீரில் விளையும் நெல், வாழை, தென்னை. கூடவே, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைப் பந்தல்கள். பகலில் அத்தனை அழகு!

மலையடிவாரத் தோட்டக்காரர்களுக்கோ, பொழுது சாய்ந்த பிறகுதான் கவலையே. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று இறங்கினால், பல மாத உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விடும். 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் யானை கம்பம் நகரத் தெருவிலேயே ஓடியதை இந்த ஊர் மறக்கவில்லை.

சட்டம் சொல்லும் துப்பாக்கி

குழல் வாய் வழியே கருமருந்தைக் கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கிக்கும் பயிர்க் காவலுக்கும் நீண்ட உறவு உண்டு. 1959-ம் வருட ஆயுதச் சட்டமே, பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கலாம் என்று இந்த வகையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

இதில் சூட்சுமம் எல்லாம் மருந்தின் அளவில்தான். இத்தாலியில் இன்றும் 19-ம் நூற்றாண்டு ரிவால்வர்களை அப்படியே நகலெடுத்துத் தயாரிக்கிறார்கள். பொழுதுபோக்காகக் குறி பார்த்துச் சுடுபவர்கள் வாங்குகிறார்கள். 44 காலிபர் என்றால், ஓர் அறைக்கு வழக்கமாக 20 முதல் 30 கிரெய்ன் மருந்து. அதாவது, 2 கிராம்கூட இல்லை! குறைந்த அளவில் தொடங்கு என்பதுதான் அங்கே முதல் பாடம். அள்ளிப் போட்டால் புகையும் உதையும் கூடும், குறி தப்பும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி விட்டாலும் ஆபத்து. கருமருந்துக்குப் பதில் இன்றைய புகையில்லா மருந்தைப் போட்டால், துப்பாக்கியே சிதறிவிடும்.

அந்த ரிவால்வர்களுக்குக் கையேடு இருக்கிறது. இரும்புக் குழாயில் திருட்டுத்தனமாகச் செய்யும் நாட்டுத் துப்பாக்கிக்கு? அந்தக் குழாய் எவ்வளவு தாங்கும் என்பது செய்தவருக்கே தெரியாது. வெடித்தால், முதலில் போவது சுடுபவரின் கையும் கண்ணும்தான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம் என்பது தனி.

வாயில் வெடிக்கும் கொடுமை

இதைவிடக் கொடியது அவுட்டுக்காய். பன்றிக்கு வைக்கும் இந்த வெடியை யானை கடித்தால் தாடை சிதறும். தின்ன முடியாமல் பட்டினியிலேயே சாகும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அப்படிச் செத்த யானைகள் உண்டு.

கையில் லைசென்ஸ் இருந்தாலும் காட்டு விலங்கைச் சுட அது அனுமதி ஆகாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைத் தொடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதைத் தாண்டினால் சுடலாம். அதுவும் வனத்துறையினர் மட்டும்.

அடுத்த முறை இரவில் இந்தப் பக்கம் போகும்போது, தூரத்தில் டார்ச் வெளிச்சம் அசைந்து, தகர டப்பா சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். நீங்கள் காலையில் வாங்கப்போகும் திராட்சைக்கு யாரோ தூங்காமல் காவல் இருக்கிறார்கள்.