வாசலுக்கு வாங்கின கடன்

சம்பள நாளில் மில் கேட்டுக்கு வெளியே இரண்டு வகை ஆட்கள் நிற்பார்கள். ஒரு பக்கம் பூந்தி, முறுக்கு, கொய்யாப்பழம் விற்கிறவர்கள். இன்னொரு பக்கம் எதையும் விற்காதவர்கள்; கையில் ஒடுக்கமான நோட்டு, காதில் பேனா, சைக்கிளில் ஒரு கால் ஊன்றிய நிலை. ஷிப்டு விட்டதும் நம்ம ஆள் வருகிறானா என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்கள். சிலர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு நழுவுவார்கள். அப்பா அப்படியில்லை. நேரே போய், நலம் விசாரித்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் வருவார். ஹார்விபட்டி வீட்டுக்கு வந்துசேரும்போது சம்பளக் கவரில் பாதிதான் இருக்கும்.

இது எங்கள் மதுரைக்கு மட்டுமே உரிய காட்சி இல்லை. ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலை பார்க்கும் காலத்தின் பெரும்பகுதியைக் கடனிலேயே கழிக்கிறார்கள் என்று, தொழிலாளர் நிலையை விசாரித்த விட்லி ஆணையம் 1931-இல் எழுதி வைத்தது. ஆலை வாசலைச் சுற்றி நின்று கடன் வசூலிப்பதைத் தடுக்க வங்காளத்தில் 1934-இல் சட்டமே போட்டார்கள். அரை நூற்றாண்டு கழிந்து, எண்பதுகளின் கடைசியிலும் எங்கள் மில் வாசலில் அந்தச் சைக்கிள்கள் நின்றன.

எங்கள் வீட்டுக் கடன் பஞ்சத்தில் வந்ததல்ல. ரேஷன் அரிசி இருந்தது, அப்பாவுக்கு நிரந்தர வேலை, தீபாவளிக்கு போனஸ். அம்மா கோபம் வரும்போதெல்லாம் சொல்வாள்: “வயித்துக்கு வாங்குன கடனா இது? வாசலுக்கு வாங்குன கடன்.”

வாசல் என்று அவள் சொன்னதில் முதலாவது தாய்மாமன் சீர். அத்தை மகள் சடங்குக்கு அப்பா கொண்டுபோன தட்டுகளைத் தெருவே எண்ணியது. மேளம் முன்னால், வேட்டு அதற்கும் முன்னால். பட்டுப் பாவாடை, பித்தளைப் பாத்திரம், பழத்தட்டு, வெல்லம், கற்கண்டு, ஒரு தட்டில் வெறும் ரோஜாப்பூ. ரோஜாப்பூவுக்கு ஒரு தனித்தட்டு எதற்கு என்று அம்மா கேட்டாள். எண்ணிக்கைக்கு. எதிர்வீட்டு மாமன் கொண்டுபோனதைவிட ஒரு தட்டாவது கூட இருக்க வேண்டும். என் நினைவில் அன்றைய அப்பா, சட்டையின் மேல் பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு, வேட்டுப் புகைக்குள் சிரித்தபடி நடந்து போகிறார். அந்த நடையின் விலை எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது டிவி. 1987 ஜனவரியில் ஞாயிறுதோறும் ராமாயணம் தொடங்கியது. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத தெரு, ஞாயிறு காலையில் யார் வீட்டில் டிவி இருக்கிறதோ அங்கே செருப்பைக் கழற்றிப் போட்டது. நாங்களும் கழற்றிப் போட்டோம். நான்காவது வாரம் அப்பா தவணையில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். மரப்பெட்டி, முன்னால் இரு பக்கமும் இழுத்து மூடுகிற மடக்குக் கதவு. அந்தக் கதவை மூடுவதற்கு எங்களுக்குள் சண்டை. அதன் மேல் அம்மா பின்னிய வெள்ளை நூல் விரிப்பு, அதன் மேல் பிளாஸ்டிக் ரோஜா. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் எங்கள் திண்ணையில் உட்கார இடமிருக்காது. அப்பா வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போடச் சொல்வார். அந்தப் பாலும் கடன்தான்.

தவணைக்குப் பணம் இல்லாத மாதம் தண்டல் வந்தது. ஆயிரம் ரூபாய் தண்டல் என்றால் கையில் தருவது எண்ணூற்றைம்பது. தினம் பத்து ரூபாயாக நூறு நாளில் ஆயிரம் கட்ட வேண்டும். நூற்றைம்பது ரூபாய்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருவதால், வருஷக் கணக்கில் அது நூற்றுக்கு நூறையும் தாண்டும். இந்தக் கணக்கை அப்போது யாரும் போடவில்லை. தினம் பத்து ரூபாய் என்பது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. தண்டல்காரர் காலை எட்டு மணிக்கு வருவார். சைக்கிள் பெல்லை இரண்டு தரம் அடிப்பார். மூன்றாம் தரம் அடித்தால் தெரு திரும்பிப் பார்க்கும்.

ஒரு ராத்திரி, சாப்பாடு முடிந்து, அம்மா என் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வட்டிக்கடை ரசீது ஒவ்வொன்றையும் சேலை மடிப்பிலிருந்து எடுத்துப் பிரித்தாள். மெல்லிய காகிதம், மடித்து மடித்து ஓரம் கிழிந்தது. அடகு வைத்த நகையை மீட்க ஒரு வருடம் ஏழு நாள் என்று கெடு. அப்பத்தாவும் அப்பாவும் எதிரே. யாருக்கு எவ்வளவு என்று அம்மா சத்தமாகப் படித்தாள். ஆள் பெயர், தொகை, எத்தனை வட்டி. ரெண்டு வட்டி, மூணு வட்டி, அஞ்சு வட்டி, எல்லாம் மாதத்துக்கு. சித்தப்பாவிடம் கைமாத்து, அதற்கு வட்டியில்லை, பேச்சுத்தான் உண்டு. அப்பா, “இவ்வளவா?” என்றார். “இன்னும் மளிகைக் கடை வரல” என்றாள் அம்மா.

அப்பத்தாவிடம் ஒரு வழி இருந்தது. “ஏத்தா, சின்னவனுக்கு ஒரு காதுகுத்து வச்சிருவோம். மொய் விழுந்தா எல்லாம் அடைஞ்சிரும்.” எங்கள் பக்கத்தில் இது பைத்தியக்கார யோசனை இல்லை, பலர் செய்து, சிலர் கரையேறியும் இருக்கிறார்கள். “மொய்யும் கடன்தான அத்தே. நோட்டுல எழுதித்தான வாங்குவோம்” என்றாள் அம்மா. அப்பத்தா அதற்குப் பிறகு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பிக்கு எட்டு வயதில்தான் காது குத்தினார்கள்.

அம்மா படித்தது எட்டாம் வகுப்பு. எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்பா அதிகம் அவமானப்படுத்துகிறவனுக்கு முதலில் கொடுப்பார். அம்மா அதிகம் தின்கிறவனுக்கு முதலில் கொடுத்தாள். மில் தொழிலாளர் சொசைட்டியில் கடன் வாங்கித் தண்டலையும் அஞ்சு வட்டியையும் ஒரே நாளில் முடித்தாள். சொசைட்டிக் கடன் சம்பளத்திலேயே பிடித்தமாகிவிடும், கேட்டில் யாரும் நிற்கத் தேவையில்லை, வட்டியும் தாங்கும். 1904-இல் திரூரில் தொடங்கிய கூட்டுறவுக் கடன் சங்கக் கதையில் எங்கள் வீடும் ஒரு வரி.

ஆனால் சொசைட்டிக்கு இரண்டு ஜாமீன் வேண்டும், இருவரும் கூட வேலை பார்க்கிறவர்கள். அதற்கு அப்பாதான் போக வேண்டியிருந்தது. வேட்டுப் புகையில் நடந்த மனிதர், ஸ்பின்னிங்கில் பக்கத்து மிஷினில் நிற்கிறவரிடம் போய், “அண்ணே, ஒரு கையெழுத்து” என்று கேட்டாக வேண்டும். அன்று திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டார். கடனை அடைத்தது சொசைட்டிப் பணமா, அந்த ஒரு நாளா என்று கேட்டால், எனக்கு இரண்டாவது என்றுதான் படுகிறது. அதற்குப் பிறகு அவர் தட்டு எண்ணவில்லை.

மளிகைக் கடை அண்ணாச்சியிடம் சிட்டையை முடிக்கப் போனபோது அவருக்குத்தான் வருத்தம். “ஏன் தங்கச்சி, நான் எதுவும் கேட்டேனா?” கேட்கவில்லைதான். ஆனால் சிட்டை வைத்து வாங்குகிற வீட்டில், சம்பளத்துக்கு நாலு நாள் முன்னால்கூடச் சீனி தீராது. கையில் காசு வைத்து வாங்குகிற வீட்டில் தீரும். தீர்ந்தது. நாங்கள் கருப்பட்டிக் காப்பிக்குப் பழகினோம். அம்மா மாதம் ஒருமுறை கீழமாசி வீதிக்கு நடந்து போய் ரொக்கத்துக்குப் பருப்பும் மல்லியும் வாங்கி வந்தாள்.

அந்த வருஷ போனஸ் துணியெடுக்க விளக்குத்தூணுக்குப் போகவில்லை. நேராகத் தெற்காவணி மூல வீதி வட்டிக்கடைக்குப் போனது. பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு தீபாவளி கொண்டாடினோம். எனக்கு இன்றும் அது ஆறவில்லை என்றால் ஆறவில்லைதான். தோடும் வளையலும் திரும்பி வந்தன. ரெட்டை வடச் சங்கிலி மட்டும் கெடு தாண்டி மூழ்கிப்போயிருந்தது. கடைக்காரர் லெட்ஜரைத் திருப்பிக் காட்டினார். அம்மா பார்த்துவிட்டு, மற்ற நகைகளை எடைபோடச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

இப்போது எங்கள் வாசலுக்கு வட்டிக்கு ஆள் வருவதில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராகச் சட்டமே வந்துவிட்டது. ஆனால் கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் மாதம் மூன்றரை சதவீதம் அளவுக்குப் போடுகிறார்கள். அதாவது மூணரை வட்டி. யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைப் பையனுக்கு எவ்வளவு கடன் என்று அவன் மனைவிக்கே தெரியாது. பெல் அடிக்காத கடன். தண்டல்காரரின் பெல்லுக்காக நான் ஏங்கவில்லை. அந்த ராத்திரி அம்மா சத்தமாகப் படித்தாளே, அது இன்று எந்த வீட்டில் நடக்கிறது என்றுதான் யோசிக்கிறேன்.

சொசைட்டிக் கடனும் முடிந்தபின் வந்த தை மாதம், அம்மா தெருப் பெண்களைச் சேர்த்துச் சீட்டுப் பிடிக்க ஆரம்பித்தாள். பதிவெல்லாம் கிடையாது; சீட்டுக்கு 1982-லேயே மத்தியச் சட்டம் வந்திருந்தது எங்கள் தெருவுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஏலம் நடக்கும், டிவி கதவு மூடியிருக்கும். ஒருநாள் பழைய தண்டல்காரர் சைக்கிளை நிறுத்தி, பெல் அடிக்காமல், வாசலில் நின்று கூப்பிட்டார். தங்கச்சி கல்யாணமாம், ஒரு சீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம்.

அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். காப்பி கொடுத்தாள். பிறகு நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள்: “சேந்துக்கங்க தம்பி. ஜாமீனுக்கு யாரு இருக்கா?”