தாய்க்குப் பதில் ஒரு விளக்கு

கொல்லையிலே குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும் கோழி எத்தனை வேலை செய்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. அது இல்லாமற்போகும் அன்றுதான் அதன் அருமை தெரிய வருகிறது. சென்ற மார்கழியில் நமது வீட்டுச் சிறுவிடைக் கோழி இருபத்தொரு நாள் அடைகாத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் பொரித்தது. மறுநாட் பகலில் கீரிப்பிள்ளை அந்தத் தாயைக் கடித்துக் கொன்றுவிட்டது. பன்னிரண்டு அநாதைகளையும் காப்பாற்றும் பொறுப்பு நம் தலைமேல் விழுந்தது.

பொரித்த குஞ்சு இரண்டொரு நாள் தீனியின்றித் தாங்கும். முட்டையின் மஞ்சட்கருவில் மிச்சமானது அதன் வயிற்றினுள்ளேயே உணவாக இருக்கிறது. குளிரை மட்டும் அதனால் தாங்க முடியாது. உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி அதற்கு வர இரண்டு வாரமாவது ஆகும். அதுவரையில் தாயின் சிறகுக்கு ஈடாக வேறொன்று வேண்டும். அதைத்தான் பண்ணைக்காரர்கள் 'புரூடர்' என்கிறார்கள்.

நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்குச் செய்யும் ஏற்பாட்டைப் பன்னிரண்டுக்குச் செய்ய அதிகச் செலவில்லை. ஒன்றரை அடி உயர அட்டையை மூன்றடி அகலமுள்ள வட்டமாக வளைத்து நிறுத்தினோம். சதுரமாக இருந்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுத் திணறிச் சாகும். தரையில் இரண்டு அங்குலத்துக்கு உமி பரப்பினோம். உமியைத் தீனி என்று கொத்தாதிருக்க, முதல் சில நாட்களுக்கு அதன்மேல் பழைய பத்திரிகைகளை விரித்தோம். தண்ணீர்த் தட்டிலே கூழாங்கற்களைப் போட்டு வைத்தோம். இல்லாவிட்டால் குஞ்சு அதற்குள் விழுந்து நனைந்து விறைத்துவிடும்.

இனி விளக்கு. இக்காலத்து எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றிக் குஞ்சுக்குப் போதிய சூடு தராது. பழைய மாதிரி அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றைத் தேடிப் பிடித்துத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டோம். முதல் வாரம் 35 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். உஷ்ணமானி வீட்டில் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை, குஞ்சுகளே சொல்லிவிடும். பல்பின் கீழே நெருக்கியடித்துக் கத்தினால் சூடு போதவில்லை. அட்டையோரம் ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. எங்கும் பரவி மேய்ந்தால் எல்லாம் சரி என்று பொருள்.

மூன்றாம் நாள் நடுநிசியில் மின்சாரம் நின்றுபோயிற்று. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இருட்டில் பன்னிரண்டு குரல்களும் கேட்கச் சகியாதபடி எழுந்தன. கரி நெருப்பு வைக்கலாமா என்று யோசித்தோம். மூடிய அறையில் அதிலிருந்து எழும் நச்சுக் காற்று குஞ்சுகளுக்கும் எமன், நமக்கும் எமன். பாட்டியார் தூக்குப் பாத்திரத்தில் வெந்நீர் நிரப்பி, இறுக மூடி, பழைய வேஷ்டியால் சுற்றி நடுவிலே வைத்தார். குஞ்சுகள் வந்து அதை அணைத்துக்கொண்டன. ஆறின நீரை மாற்றி மாற்றி விடியும்வரை காவலிருந்தோம். நலிந்திருந்த ஒன்று மட்டும் காலையில் எழுந்திருக்கவில்லை.

ஏழாம் நாள் கால்நடை மருந்தகத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்புச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்தோம். நமது குமாவோன் மலையிலுள்ள இராணிக்கேத்தின் பெயராலேயே இந்த நோய் வழங்குகிறது. அதே மலைப் பிரதேசத்து முக்தேசுவரம் ஆராய்ச்சிக் கூடத்தில் அதற்கு ஒரு தடுப்பு மருந்தும் பிறந்தது.

நாலு வாரத்தில் இறகு முளைத்துப் பதினொன்றும் கொல்லைக்கு இறங்கின. நம் கிராமங்களிலே கொல்லைக் கோழியும் அதன் முட்டையும் பல பெண்களுக்குச் சொந்தக் கைக்காசு. அந்தக் காசைப் பெருக்க விலையுயர்ந்த இயந்திரம் ஏதும் வேண்டாம். அட்டை, உமி, விளக்கு ஆகிய மூன்றும், நாலு வாரம் இரவில் எழுந்து பார்க்க ஓர் ஆளும் இருந்தால் போதும். இவற்றுள் கடையில் கிடைக்காதது அந்த ஆள் ஒன்றே.