ஆடிக் காற்றும் பாறை மறைவும்

ஆலங்குளம் என்றதும் தென்காசி ஜில்லாவிலுள்ள ஊரை நினைத்துக் கொள்ளும் நேயர்கள் மன்னிக்க வேண்டும். நாம் சொல்வது விருதுநகர் ஜில்லா ஆலங்குளம். 1970-ம் வருஷத்தில் சிமெண்டு ஆலை ஏற்பட்டதிலிருந்து வெளியூராருக்குத் தெரியவந்த ஊர். சுண்ணாம்புக் கல்லும் கரிசல் மண்ணும் இங்கே உண்டு. ஏறுவதற்கு ஒரு பெரிய மலை வேண்டுமென்றால் மட்டும் மேற்கே திரும்ப வேண்டும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பின்னால், வானத்தின் அடி விளிம்பில், மேற்குத் தொடர்ச்சி மலை நீலச் சுவராக நீண்டு கிடக்கிறது.

ஆனி, ஆடி மாதங்களில் அந்தத் திக்கிலிருந்துதான் காற்று வருகிறது. அரபிக் கடலில் புறப்பட்டு, கேரளத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையுடன் நம் பக்கம் இறங்குகிற காற்று. செங்கோட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் மலைச் சுவர் தாழ்ந்து கணவாயாக இருப்பதால், அங்கே அதன் ஆர்ப்பாட்டம் அதிகம். அந்தப் பக்கங்களில் காற்றாலைகளைக் கூட்டம் கூட்டமாக நட்டிருப்பது அதனால்தான். ராஜபாளையத்துக்கு மேற்கே சுவர் உயரமானது. எனினும் சிகரங்களைத் தாண்டி வரும் காற்று சில சமயம் திடீர் திடீரென்று கீழே பாய்வதுண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்கள். அம்மி பறந்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனால் பாறை மேல் நிற்கும் மனிதனின் கால் பெயர்வதற்கு அவ்வளவு காற்றுக்கூட வேண்டியதில்லை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கீழே மேல்துண்டைப் பறக்கவிட்டு விளையாடும் அதே காற்று, குன்றின் உச்சியை அடையும்போது இன்னும் வேகம் பெறுகிறது. வழவழப்பான சரிவுப் பாறையில் உள்ளங்காலின் பிடிப்பையே நம்பி நிற்பவனுக்கு இது விளையாட்டல்ல.

பாறை ஏறுவதையே கலையாகப் பயின்றவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்களில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது முதல் இந்தக் கலையின் பெயர் நம் வீடுகளிலும் அடிபடுகிறது. ஒவ்வொரு பாறைக்கும் இவ்வளவு கஷ்டம் என்று அவர்கள் தரம் கட்டியிருப்பார்கள். காற்று மிகுந்த நாளில் தம் சாமர்த்தியத்துக்கு ஏற்ற பாறையை விட்டு, ஒன்றிரண்டு தரம் எளிதானதையே நாடுவார்கள். கயிற்றின் நுனியில் ஏறுகிறவன் போடும் கூச்சல் கீழே கயிற்றைப் பிடித்திருப்பவன் காதில் விழாது. தொங்கும் கயிற்றைக் காற்று எங்கேயோ கொண்டுபோய் மாட்டிவிடும். எளிய பாறையானால் இவற்றையெல்லாம் சமாளிக்க மனத்தில் இடம் மிச்சமிருக்கும். இதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள் ஒரு முறை மேலே போய் நின்று பார்க்கட்டும்!

மறைவு என்பது எங்கே இருக்கிறது? தென்மேற்குக் காற்றுக்குப் பாறையின் வடகிழக்கு முகமே மறைவு. பாறையின் பக்க மூலையில் ஒதுங்கினால் பயனில்லை. காற்று அங்கேதான் வளைந்து நெருக்கிக்கொண்டு விரைகிறது. இரண்டு பாறைகளுக்கு நடுவே காற்று புகும் சந்தும் அப்படித்தான். இன்னொரு விஷயம். காற்றுப் படாத பாறைக் குடைவுகளை நம்மைப் போலவே மலைத் தேனீக்களும் விரும்புகின்றன. கரிய அடைகள் தொங்குகின்றனவா என்று அண்ணாந்து பாராமல் அங்கே ஒதுங்குவது, காற்றுக்குப் பயந்து தேனீயிடம் அகப்பட்டுக்கொள்வதாகும்.

கயிறும் ஆணியும் இல்லாமலே, இந்தக் காற்றுக் காலத்தில் ஜனங்கள் திரள் திரளாக ஏறும் மலை ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் வத்திராயிருப்பை அடுத்த சதுரகிரி. ஆடி அமாவாசையன்று சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்க வருகிறவர்களில் பாட்டிமார்களும் கைக்குழந்தைக்காரிகளும் உண்டு. அவர்கள் எப்படி ஏறுகிறார்கள்? வழியைக் கவனித்தால் விளங்கும். தாணிப்பாறையில் தொடங்கும் பாதை முகடுகளின் மேல் போகாமல், மலையின் கிழக்குச் சரிவில், ஓடைப் பள்ளத்தை ஒட்டியும் குறுக்கிட்டும் மரநிழலில் ஏறுகிறது. தென்மேற்குக் காற்று தலைக்கு மேலே மரங்களின் நுனியில் இரைந்துகொண்டு போய்விடுகிறது. வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை என்ற பெயர்களே அங்கங்கே கால் வைக்க வேண்டிய விதத்தைச் சொல்லிவிடுகின்றன. சங்கிலிப் பாறையில் முன்காலத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கடந்ததாகச் சொல்வார்கள். மேற்கே வருசநாட்டிலிருந்தும் இம்மலைக்கு வழி உண்டு. ஆனால் அது காற்று வரும் பக்கம். நீண்ட காட்டு வழியும்கூட.

ஆனால் காற்றுக்கு மறைவான அந்தப் பள்ளம் தண்ணீருக்கு ராஜபாட்டை அல்லவா? மேலே மழை பெய்தால், அடிவாரத்தில் ஒரு துளி விழாதபோதே ஓடைகள் பெருகிவிடுகின்றன. 2015 மே மாதத்தில் அவ்விதம் வந்த வெள்ளத்தில் பக்தர்கள் பலர் உயிரிழந்தார்கள். அது ஆடிக் காற்றின் காலம்கூட அல்ல, கோடை மழை. சற்று முன்பு பாதங்களைக் குளிர வைத்த ஓடை, அரை நாழிகையில் ஆளைப் புரட்டும் பெருவெள்ளமாகிவிடும். ஆகையால் இந்த வழியில் ஏறுகிறவர் கண் ஓடை நீர்மேலே இருக்க வேண்டும். தெளிவாக ஓடிய நீர் கலங்கிச் சருகும் குச்சியும் மிதந்து வரக் கண்டால், உடனே கரை மேட்டுக்கு விலக வேண்டும். காற்றடித்தாலும் சரி, மேடே மேல். பொருள்களை மீட்கவோ, அக்கரையில் நிற்கும் அத்தையை அழைத்து வரவோ இறங்கலாகாது. அத்தை அக்கரையிலேயே ஜாக்கிரதையாக உட்கார்ந்திருக்கட்டும்.

இவ்வளவு நடக்கத் திராணியில்லாத பெரியவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே திருவண்ணாமலை என்னும் சிறு குன்று இருக்கிறது. ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் கொண்டது. தென் திருப்பதி என்பார்கள். படி ஏறித் தரிசித்துவிட்டு, கோயில் மதில் மறைவில் சற்று உட்காரலாம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் உட்கார இடம் கிடைப்பது சந்தேகம்.

சதுரகிரிப் பிரதேசம் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறது. நினைத்த நேரத்தில் நினைத்த பாறையில் ஏறிவிட அங்கே இடமில்லை. ஓடைகளில் நீர் பெருகினால் வனத்துறையார் தாணிப்பாறையிலேயே வழியை அடைத்துவிடுகிறார்கள். வெகு தூரத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் மூட்டையை இறக்கிவைத்து, இது என்ன அநியாயம் என்று முணுமுணுப்பார்கள். அந்த வேளையில் அடிவாரத்தில் வெயில்கூடக் காய்ந்துகொண்டிருக்கலாம்.