பின்கதைக்கு என்ன கூலி?

ரோல்-பிளேயிங் ஆட்டங்களில், தன் கேரக்டருக்குப் பக்கம் பக்கமாகப் பின்கதை எழுதிக்கொண்டு வருகிறவர் ஒருவர் அநேகமாக எல்லா மேசையிலும் இருப்பார். ‘போர்வீரன், முன்கோபி’ என்பதோடு முடித்துக்கொண்டு பகடையைத் தேடுகிறவரும் பக்கத்திலேயே இருப்பார். அவ்வளவு மெனக்கெட்டு எழுதியவருக்கு ஏதாவது தர வேண்டாமா? ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டராக உட்கார்ந்த யாருக்கும் இந்த யோசனை வராமல் இருக்காது.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது கணக்கு எளிது. அரக்கனைக் கொன்றால் புள்ளி, புதையலைத் தூக்கி வந்தால் புள்ளி. உங்கள் வீரனின் பால்ய காலத்தைப் பற்றி விதிகளுக்கு அக்கறை கிடையாது. 1991இல் வந்த எரிக் வூஜிக்கின் ஆம்பர் என்ற ஆட்டம் அப்படியே எதிர்ப்பக்கம் போனது. அதில் பகடையே இல்லை. கேரக்டரின் நாட்குறிப்பு எழுதினால், படம் வரைந்தால், ஆட்டத்தின் நடப்புகளைப் பதிவுசெய்தால், கேரக்டரைப் பலப்படுத்தப் புள்ளிகள் உண்டு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக ஆட்டத்துக்கு வருகிறவர் என்ன செய்வார்? எழுத உட்கார்ந்தால் கை ஓடாது, மேசையில் வாயைத் திறந்தால் எல்லோரையும் கட்டிப்போடுவார் என்று சிலர் இருக்கிறார்களே, அவர்கள்? ஓய்வு நேரம் உள்ளவரின் வாள் மட்டும் கூர்மையாகிக்கொண்டே போகும்.

இன்னொரு சிக்கல், கூலி எழுத்தையே மாற்றிவிடும். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பாலர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு இஷ்டப்படி விளையாட விட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை.

பக்கத்துக்கு இத்தனை புள்ளி என்று அறிவித்துப் பாருங்கள், பக்கங்கள் பெருகும். எரிந்த கிராமம், கொல்லப்பட்ட பெற்றோர், காட்டில் பத்து வருடப் பயிற்சி, பழிவாங்கியும் முடித்தாயிற்று. எல்லாம் நடந்து முடிந்த கதையை வைத்துக்கொண்டு டன்ஜன் மாஸ்டர் என்ன செய்வது?

இதற்கு நேர்மாறாக, நான் டன்ஜன் மாஸ்டராக இருந்த மேசையில் திருடனாக ஆடிய நண்பர் எழுதியது இரண்டே வரி. அக்காவின் வளையலைத் துறைமுக ஊரில் அடகு வைத்திருக்கிறான். மீட்க வேண்டிய நாள் தாண்டிவிட்டது. அவ்வளவுதான். பல வாரம் கழித்து, கொள்ளையடிக்கப் போன மாளிகையில், எதிரே வந்த சீமாட்டியின் கையில் அந்த வளையலை மாட்டிவிட்டேன். உருட்டக் கையில் எடுத்த பகடையை நண்பர் கீழே வைத்துவிட்டார். “எங்க வாங்கினீங்கன்னு கேக்கறேன்” என்றார். கொள்ளைத் திட்டம் பாழ். கூட்டாளிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் இன்ஸ்பிரேஷன் என்று ஒரு விதி உண்டு. கேரக்டரின் குணத்தையோ குறையையோ ஆட்டத்தில் வெளிக்காட்டினால் டன்ஜன் மாஸ்டர் அதைத் தரலாம். அதைச் செலவழித்து, இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். சேர்த்துவைக்க முடியாது, வேண்டுமானால் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். எழுதியதற்கு இல்லாமல் ஆடியதற்குக் கிடைப்பதால் எனக்கு இது பிடிக்கும். அன்றைக்கு நண்பருக்கும் ஒன்று கொடுத்தேன். வளையலைப் பார்த்த பிறகு அது அவருக்குப் பெரிதாகவே படவில்லை.

இப்போதெல்லாம் ஆட்டம் தொடங்குமுன் எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஆள் முடிக்காமல் விட்ட காரியம் ஒன்றைச் சொல்லுங்கள். எழுதித் தரலாம், டீ குடிக்கும்போது வாயால் சொன்னாலும் போதும். புள்ளி கிடையாது. அந்தக் காரியம் என்றாவது ஒருநாள் அவர்கள் எதிரே வந்து நிற்கும், அதற்கு மட்டும் நான் பொறுப்பு. பத்துப் பக்கம் எழுதுகிறவர் இன்னும் பத்துப் பக்கம் எழுதத்தான் செய்கிறார். அது அவருடைய சந்தோஷம், அதற்கு நான் விலை வைக்க வேண்டியதில்லை.