பூசணிக்காய்க்குள் சீஸும் பால்கார அக்காவும்

 

போன கிழமை பூசணிக்காய்க்குள் சீஸ் வைத்துச் சுட்டு ஒரு படம் போட்டிருந்தோம். நிறையப் பேர் செய்முறை கேட்டிருந்தீர்கள். கீழே எழுதுகிறோம். ஆனால் அதை ஏன் செய்தோம் என்பதைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் எழுத மனம் வரவில்லை.

எங்கள் வீட்டுக்குக் காலையில் பால் கொண்டு வருபவர் மேல் லயத்தில் இருக்கும் ஓர் அக்கா. ("பேரு மட்டும் போடாதீங்க டீச்சர், மத்தபடி எழுதுங்க" என்றார்.) கொழுந்து எடுக்கப் போகுமுன் பசுவைக் கறந்து, பெரும்பகுதியைப் பால் சேகரிக்கும் இடத்தில் ஊற்றிவிட்டு, ஒரு போத்தலை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. தைப்பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து பொங்கல் வரும். முதல் வருடமே, நாங்கள் பாத்திரத்தைக் கையில் வாங்குமுன் சொன்னார்: "சாமிக்குப் படைக்க முந்தியே உங்களுக்குன்னு எடுத்து வச்சிட்டேன். யோசிக்காம சாப்பிடுங்க." நாங்கள் எதுவும் கேட்கவில்லை. எங்களுக்கு அப்படி ஒரு தயக்கம் இருக்கும் என்று அவராகவே நினைத்துப் பார்த்திருக்கிறார்.

நாங்கள் பதிலுக்கு என்ன கொடுத்தோம் என்று பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. பெருநாளுக்குப் புரியாணி, வட்டிலப்பம். நோன்பு காலத்தில் இறைச்சி போட்ட கஞ்சி. அக்காவோ, மகனுக்குக் கடும் சுகயீனம் வந்து தேறியதிலிருந்து நேர்த்தி வைத்து மச்சம், முட்டை எதுவும் தொடுவதில்லை. வட்டிலப்பத்தில் பாதி முட்டைதானே! ஒவ்வொரு பெருநாளும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். இந்த வருடம் அவருடைய மகள் பேச்சுவாக்கில் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். பத்து வருடம்!

அந்த நேரத்தில்தான் எங்கள் மகள் கைபேசியில் இதைக் காட்டினாள். பிரான்ஸ், ஸ்விட்சர்லாந்துப் பக்கம் குளிர் காலத்தில் செய்வது. முழுப் பூசணியைக் குடைந்து, உள்ளே வாட்டிய பாண் துண்டும் சீஸும் அடுக்கி, பால் ஊற்றிச் சுடுகிறார்கள். இறைச்சி இல்லை, முட்டை இல்லை. அங்கே சிலர் வெள்ளை வைன் சேர்ப்பார்கள். அது இல்லாமலும் செய்யலாம். ஜூலை மாத மழையில் வட்டகொடைக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இதுதான் சரி என்று நினைத்தோம்.

பிறகுதான் ரெனட் பற்றி யோசித்தோம்.

பாலை உறைய வைத்துச் சீஸ் ஆக்க ஒரு நொதியம் வேண்டும். பழைய முறையில் அதைப் பால்குடி கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பார்கள். அதுதான் ரெனட். முறைப்படி அறுக்கப்படாத கன்றிலிருந்து எடுத்த ரெனட் எங்கள் ஷாஃபி மத்ஹபில் சுத்தமானது அல்ல. ஹனஃபி மத்ஹபில் இதில் இலகு இருக்கிறது. தபூக்கில் நபி (ஸல்) அவர்களிடம் சீஸ் கொண்டுவரப்பட்டபோது கத்தியைக் கேட்டு வாங்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி வெட்டினார்கள் என்று அபூதாவூதில் ஒரு ஹதீஸும் உண்டு. நாங்கள் ஃபத்வா சொல்லும் ஆட்கள் அல்ல. சந்தேகம் இருந்தால் உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். எங்களுக்கு முன்னால் இருந்த கேள்வி வேறு. ஒரு பசுவை வளர்க்கிற, மச்சம் தொடாத மனுஷிக்கு இதை எப்படிக் கொடுப்பது?

அவரிடமே சொன்னோம். சற்று நேரம் பேசவில்லை. "பால் குடிக்கிற கன்னா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

சரி, நாங்களே செய்வோம் என்று அவர் கொண்டுவந்த பாலைக் காய்ச்சித் தேசிக்காய்ப் புளி விட்டுத் திரைத்தோம். துணியில் கட்டிப் பிழிந்து, பூசணிக்குள் வைத்துச் சுட்டோம். உருகவே இல்லை. ரப்பர் மாதிரிக் கட்டி கட்டியாகக் கிடந்தது. தேடி வாசித்த பிறகுதான் காரணம் விளங்கியது. ரெனட் போட்டு உறையும்போது பாலின் கல்சியம் புரதத்தோடு தங்கிவிடுகிறது. அந்தப் பிணைப்பு சூட்டில் நெகிழ்ந்து வழியும். புளி விட்டால் கல்சியம் கரைந்து வெளியே போய்விடும். பிறகு எவ்வளவு சுட்டாலும் வழியாது. பனீர் பொரிந்தும் உருகாமல் இருப்பது இதனால்தான். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "திரிஞ்ச பாலுக்கா டீச்சர் இவ்வளவு பாடு?" என்று சிரித்தார்.

கடைசியில் கடைச் சீஸ்தான். 2013-ல் ஹலால் இலச்சினை பற்றி நாட்டில் எழுந்த சர்ச்சை நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் நாங்கள் பொதியின் பின்பக்கத்தை வாசிக்கப் பழகினோம். அந்தப் பழக்கம் இப்போது வேறு விதமாக உதவியது. வெறுமனே ரெனட் என்று மட்டும் போட்டிருந்ததைத் திருப்பி வைத்தோம். 'மைக்ரோபியல் ரெனட்' என்று போட்டிருந்ததை எடுத்தோம். அது நுண்ணுயிர்களிலிருந்து வருவது, கன்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விலைதான் கையைச் சுட்டது. ஒரு கிலோ சீஸுக்கு ஏறத்தாழ 10 லீற்றர் பால் வேண்டும் என்பதை நினைத்தால் விலையில் அநியாயம் இல்லை. அந்தப் பாலைக் கறக்கிறவர்கள் சீஸ் வாங்க முடியாமல் இருப்பதுதான் அநியாயம்.

இனிச் செய்முறை. 2 கிலோ அளவில், நிமிர்ந்து உட்காரக்கூடிய பூசணி எடுங்கள் (சந்தையில் வட்டக்காய் என்பார்கள்). மேலே மூடி மாதிரி வெட்டி, விதையையும் நாரையும் மட்டும் வழித்தெடுங்கள். சதையைச் சுரண்ட வேண்டாம். நாங்கள் முதல் தடவை ஆசைப்பட்டுச் சுரண்டி அடி ஓட்டையாகிவிட்டது. உட்புறம் உப்பும் மிளகுத் தூளும் தடவுங்கள். பாணை வாட்டித் துண்டாக்கி, துருவிய 200 கிராம் சீஸோடு மாறி மாறி அடுக்குங்கள். இரண்டு கப் பாலில் நசுக்கிய வெள்ளைப்பூண்டும் கொஞ்சம் சாதிக்காய்த் தூளும் போட்டுக் காய்ச்சி ஊற்றுங்கள். விளிம்பிலிருந்து இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் பொங்கும். மூடியை வைத்து, தட்டில் வைத்து 180 பாகையில் ஒன்றரை மணித்தியாலம். கத்தி சதைக்குள் இலகுவாக இறங்கினால் சரி. எங்கள் வீட்டில் அவன் இல்லை. பாண் சுட்டு முடிந்த பிறகு பேக்கரிப் போறணையின் மிச்சச் சூட்டில் வைத்துத் தந்தார்கள். போறணைக்காரத் தம்பி பாண் துண்டு போதாது என்று நாலு துண்டு கூடவே போட்டார்.

நபி (ஸல்) அவர்கள் விரும்பிச் சாப்பிட்ட காய் இது என்று ஒருவர் படத்துக்குக் கீழே எழுதியிருந்தீர்கள். அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் அந்தச் சம்பவத்தில் வருவது சுரைக்காய் வகை. இந்தப் பூசணி அமெரிக்கக் கண்டத்துக் காய். பரங்கிக்காய் என்ற பேரே பரங்கியரோடு வந்த கதையைச் சொல்கிறது. ஆசிரியர் புத்தி, திருத்தாமல் இருக்க முடியவில்லை, மன்னியுங்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்காவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தோம். மூடியைத் திறந்ததும் ஆவி கண்ணாடியில் படிந்து எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. கரண்டியால் பக்கச் சதையையும் சேர்த்து வழித்துப் போட்டோம். அவர் கையில் எடுத்துக்கொண்டு, "முட்டை?" என்றார். இல்லை என்றோம். "அந்தக் கன்னு விசயம்?" பொதியை எடுத்துக் காட்டி, அந்த வரியை மகள் வாசித்துச் சொன்னாள். பிறகு சாப்பிட்டார். ஒரே சட்டியிலிருந்து நாங்களும் சாப்பிட்டோம். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். உப்புக் கொஞ்சம் குறைவு என்றார், அது உண்மைதான்.

போகும்போது குசினியில் கிடந்த நாரையும் விதையையும், குடைந்து கெட்டுப்போன முதல் பூசணியின் தோலையும் பையில் போட்டுத் தரச் சொன்னார், பசுவுக்காம்.

மறுநாள் காலையில் வாசலில் வழமையான போத்தல் இருந்தது. மேல் லயத்துக்குத் திரும்பும் பாதையிலிருந்து குரல் மட்டும் வந்தது: "லெச்சுமிக்கும் நல்லா பிடிச்சிருச்சு டீச்சர்!"