பாகம் பிரியாத சொத்து

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் பழைய வீடுகளைப் பிரித்து விற்கத் தொடங்கிய காலம் அது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்கு முன்னால் பர்மா தேக்குத் தூண்கள் படுத்துக் கிடக்கும். பக்கத்திலேயே நிலைக்கதவு, எனாமல் தூக்குச்சட்டி, கண்ணாடி உடைந்த ரவிவர்மா படம். ஒரு வீட்டுக்கு இருபது புள்ளி, அதாவது இருபது பங்குக் குடும்பம் என்றால், விற்க இருபது கையெழுத்து வேண்டும். ஒருவர் மலேயாவில், ஒருவர் மதராஸில். கையெழுத்து சேர்ந்த மாதமே கதவு ஒரு ஊருக்கும் தூண் ஒரு ஊருக்குமாகப் போய்விடும். எந்தத் தூண் எந்த வளவில் நின்றது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அந்த நாளில்தான் பக்கத்துக் கோட்டையூரிலிருந்து ஒரு சொத்து சிதறாமல் கிளம்பியது. ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த புத்தகங்கள்.

அவர் வட்டிக்கடை வைத்த பெரிய புள்ளி இல்லை. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1950 வாக்கில் தொடங்கி சாகும்வரை சேர்த்தார். கணக்கெடுத்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி. அதில் பாதியை எங்கள் வீடுகளில் குப்பை என்றுதான் சொல்லியிருப்பார்கள்: கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், காலணா விலையில் சந்தையில் விற்ற சிந்து. கல்யாணம் முடிந்த கையோடு பத்திரிகையை எரவாணத்தில் செருகுவோம், தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது அடுப்புக்குப் போகும். அவர் அதைத் தேடி வாங்கி வைத்தார்.

1992இல் அவர் காலமானார். இப்படிப்பட்ட சேகரம் சாதாரணமாக எந்த வழியில் போகும் என்று ஊருக்குத் தெரியும். வியாபாரி வருவார், நாலு அரிய புத்தகத்தைப் பொறுக்குவார், மிச்சம் எடைக்குப் போகும். அப்படி நடக்கவில்லை. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத்தையும் விலைக்கு வாங்கியது. தமிழ்ச் சொத்து அமெரிக்காவுக்குப் போகிறதே என்ற ஆதங்கம் டீக்கடை வரைக்கும் இருந்தது. ஆனால் வாங்கியவர்கள் கப்பலேற்றவில்லை. மொழி அறக்கட்டளையின் பொறுப்பில் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வைத்தார்கள். நுண்படம் எடுத்தார்கள், அட்டவணை போட்டார்கள். முதலில் முகப்பேர், பிறகு தரமணி.

தரமணியில் ஒருமுறை பழைய நாடக நோட்டீஸ் பார்க்கக் கேட்டேன். தொட்டால் நொறுங்கும் ரோஸ் காகிதம். மேலே கடவுள் துணை, நடுவில் ராஜபார்ட்டின் பெயர் பட்டங்களோடு கொட்டை எழுத்தில், கீழே நாற்காலி, பெஞ்சு, தரை என்று டிக்கெட் விலை. கடைசி வரியில், பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அந்தக் கடைசி வரிதான் தங்கம்: எந்த ஊரில் எப்போது அச்சுக்கூடம் இருந்தது, யார் யாருக்கு அடித்துக் கொடுத்தார் என்பதெல்லாம் அதிலிருந்து பிடித்துப் போகலாம். ஒரே ஒரு நோட்டீஸ் இருந்தால் ஒன்றும் தெரியாது. நூற்றுக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் பேசும். மொத்தமாக விற்றதன் அருமை அங்கே உட்கார்ந்தபோது விளங்கியது.

போனதும் உண்டு. இந்த நோட்டீஸ் யாரிடம் வாங்கியது, எதைக் கொடுத்து வாங்கியது, எந்தப் புத்தகத்துக்குத் துணையாக எதை எடுத்து வைத்தது என்கிற கணக்கு அவர் தலைக்குள் இருந்திருக்கும். அதை எந்தக் கிரயப் பத்திரத்திலும் எழுத முடியாது. எவ்வளவு நல்ல அட்டவணையும் அந்த ஆளுக்கு ஈடாகாது.

இருந்தாலும் விற்றார்களே என்று குறைப்பட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் அய்யா, அதாவது அப்பாவின் அப்பா, காரைக்குடியிலிருந்து வந்த 'ஊழியன்', 'குமரன்' இதழ்களை வருஷவாரியாகக் கட்டி இரண்டாங்கட்டு மாடியில் வைத்திருந்தார். அய்யா தொட்ட பொருள் என்று அப்பச்சி, அதாவது என் அப்பா, அதை யாருக்கும் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. ஓட்டில் ஒழுகல், இதழ்க் கட்டுகளில் கறையான். வீடு பாகமானபோது மிஞ்சியதை மண்வெட்டியால்தான் அள்ளினோம். இப்போது அந்த இதழ்களைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் குடும்பத்தாரும் தரமணிக்குப் போய்க் கேட்க வேண்டியதுதான்.